பணமே பிரதிவாதி: அமெரிக்காவின் சிவில் பறிமுதலும் அதன் கணக்கும்

2021 பிப்ரவரி மாதம். நெவாடா மாநிலத்தின் ரீனோ நகருக்கு வெளியே 80-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஒரு காரை நெடுஞ்சாலைக் காவலர் ஓரம் கட்டச் சொல்கிறார். முன்னால் போன டேங்கர் லாரியை மிகவும் ஒட்டி ஓட்டினார் என்பது புகார். ஓட்டி வந்தவர் அமெரிக்க மரீன் படையில் இருந்தவர். டெக்சஸிலிருந்து கலிபோர்னியாவுக்குத் தன் மகள்களைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார். பேச்சு சிநேகமாகத்தான் தொடங்குகிறது. வண்டியில் போதைப்பொருள் உண்டா, ஆயுதம் உண்டா, பெரிய தொகை ரொக்கம் உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். ரொக்கம் இருக்கிறது என்று அவரே சொல்கிறார். சோதனை போடவும் சம்மதிக்கிறார். முதுகுப்பைக்குள் பிளாஸ்டிக் உறையில் 86,900 டாலர். கூடவே வங்கியிலிருந்து எடுத்ததற்கான ரசீதுகள். வங்கியில் போட்டு வைப்பதில் தனக்கு நம்பிக்கை இல்லை என்கிறார்.

மேலதிகாரி ஒருவர் வந்து சேர்கிறார். மோப்ப நாய் நோட்டுக் கட்டை முகர்ந்து குறி காட்டுகிறது. மத்திய அரசின் போதைப்பொருள் தடுப்பு முகமைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போகிறது. பணம் காவல் துறையின் கைக்குப் போக, அவர் கைக்கு ஒரு ரசீது வருகிறது. கைது இல்லை, எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. பெட்ரோலுக்குக்கூடக் காசில்லாமல், சகோதரரைப் பணம் அனுப்பச் சொல்லித்தான் அவர் பயணத்தைத் தொடர்ந்தார். இவ்வளவும் காவலர்கள் உடலில் அணிந்திருந்த கேமராவில் பதிவாகியிருக்கிறது.

வழிப்பறி என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் கேமரா ஓடிக்கொண்டிருக்க, அதிகாரிகள் ஒளிவுமறைவின்றிச் செய்த வேலை இது. அமெரிக்கச் சட்டத்தில் இதற்குப் பெயர் சிவில் பறிமுதல். ஒருவர்மீது குற்றம் சாட்டாமலே, அவரிடமுள்ள பணமோ காரோ வீடோ குற்றத்தோடு தொடர்புடையது என்று சொல்லி அரசு எடுத்துக்கொள்ள முடியும்.

சான்று இல்லாமல் பறிக்கிறார்கள் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் மீது பொதுவாக வைக்கப்படும் விமர்சனம். அது சரியானதுதான், ஆனால் முழுமையானதல்ல. சான்று காட்ட வேண்டிய பொறுப்பு அரசுடையது என்று மத்தியச் சட்டமே 2000-ஆம் ஆண்டு முதல் சொல்கிறது. அந்தச் சான்றைக் கேட்டு வாங்கும் நீதிபதியின் முன்னால் பெரும்பாலான பறிமுதல்கள் போய்ச் சேர்வதே இல்லை என்பதுதான் சிக்கலின் முடிச்சு. அவை போய்ச் சேராமல் இருந்தால் லாபம் யாருக்கோ, அவர்களே பணத்தை எடுப்பவர்களாகவும் இருக்கிறார்கள்.

கப்பலில் தொடங்கிய வழக்கம்

இந்த வழக்குகளின் தலைப்பைப் படித்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். 2006-இல் எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கின் பெயர் ‘ஐக்கிய அமெரிக்க நாடுகள் எதிர் 1,24,700 டாலர்’. வாதி அரசு, பிரதிவாதி பணம். பணத்தை வைத்திருந்தவரின் பெயர் தலைப்பில் இல்லை. சட்டத்தின் கண்ணில் அவர் மூன்றாம் தரப்பு, ‘உரிமை கோருபவர்’.

இது வெறும் பெயர் விநோதமல்ல. குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை நிரபராதி என்ற அனுமானம், ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டிய அரசின் கடமை, வசதியற்றவருக்கு அரசு செலவில் வழக்கறிஞர் என்று குற்றவியல் நடைமுறை தரும் பாதுகாப்புகள் எல்லாம் மனிதருக்கு உரியவை. நோட்டுக் கட்டுக்கு அவை கிடையாது. குற்றம் உறுதியான பிறகு குற்றவாளியின் சொத்தைப் பறிக்கும் முறையும் அமெரிக்காவில் உண்டு. அதைப் பற்றி அதிகம் சர்ச்சை இல்லை. சிவில் பறிமுதல் மனிதரை ஒதுக்கிவிட்டுப் பொருளை நேரடியாகக் கூண்டில் ஏற்றுகிறது.

பொருளைக் குற்றவாளியாகப் பார்க்கும் எண்ணம் பழையது. இங்கிலாந்தில் ஒரு மாடோ வண்டிச் சக்கரமோ ஒருவரின் சாவுக்குக் காரணமானால், அந்தப் பொருளோ அதன் மதிப்போ அரசருக்குச் சேர வேண்டும் என்று ஒரு வழக்கம் இருந்தது. ரயில் வந்த பிறகு அது நிறுவனங்களுக்குப் பெரும் தலைவலியானது. 1841-இல் சானிங் என்ற இடத்தில் நடந்த ரயில் விபத்தில் எஞ்சின்மீதும் பெட்டிகள்மீதும் 1,000 பவுண்டு விதித்தது விசாரணை மன்றம். 1846-இல் நாடாளுமன்றம் அந்த வழக்கத்தையே ஒழித்தது.

அமெரிக்கப் பறிமுதலின் நேரடி வேர் கடல் வணிகத்தில் இருக்கிறது. புதிய குடியரசின் முதல் நாடாளுமன்றம் 1789-இல் இயற்றிய சுங்கச் சட்டத்திலேயே கப்பலையும் சரக்கையும் பறிமுதல் செய்ய இடமிருந்தது. அப்போது மத்திய அரசின் வருமானத்தில் மிகப் பெரும்பகுதி சுங்கவரிதான். வரி ஏய்த்த கப்பல் துறைமுகத்தில் நிற்கும். அதன் உரிமையாளரோ வேறொரு கண்டத்தில் இருப்பார். ஆளைப் பிடிக்க வழியில்லாதபோது கப்பலைப் பிடிப்பதில் ஒரு நியாயம் இருந்தது. 1827-இல் ‘பால்மைரா’ என்ற கப்பல் பற்றிய வழக்கில், பொருளின் மீதான நடவடிக்கை ஆளின் மீதான குற்ற வழக்கிலிருந்து தனித்து நிற்கும், தண்டனை பெற்ற ஆள் ஒருவர் இருந்தாக வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்ற நீதிபதி ஜோசப் ஸ்டோரி தீர்ப்பு எழுதினார்.

அந்த நியாயத்துக்கு அடிப்படை, உரிமையாளர் கைக்கு எட்டாத தொலைவில் இருந்தது. ரீனோ நெடுஞ்சாலையில் உரிமையாளர் காவலருக்கு எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். காரணம் மறைந்த பிறகும் சட்டம் மட்டும் தங்கிவிட்டது. தங்கியதோடு நிற்காமல் வளரவும் செய்தது. வாடகைக்கு விட்ட படகில் கொஞ்சம் மரிஜுவானா கிடைத்ததால், ஒன்றும் அறியாத படகு நிறுவனம் படகை இழந்தது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1974-இல் சொன்னது. கணவர் பாலியல் தொழிலாளி ஒருவரோடு காரில் பிடிபட, அந்தக் காரில் பாதி உரிமை கொண்ட மனைவி தன் பங்கையும் இழந்தது செல்லும் என்று 1996-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பானது. தம்பதி 600 டாலருக்கு வாங்கிய பழைய போன்டியாக் கார் அது.

1984: உண்டியல் கைமாறியது

1970-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் சரக்கையும் அதைக் கடத்தும் வண்டிகளையும் பறிக்க வழி செய்தது. 1978-இல் போதை விற்ற பணமும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் உண்மையான திருப்பம் ரொனால்ட் ரீகன் காலத்தில், 1984-இல் வந்த ஒருங்கிணைந்த குற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதுவரை பறிமுதல் பணம் அரசின் பொதுக் கருவூலத்துக்குப் போனது. 1984-க்குப் பிறகு நீதித் துறையின் தனி நிதிக்குப் போகத் தொடங்கியது. பறிமுதலில் பங்கெடுத்த உள்ளூர்க் காவல் துறைகளுக்கும் அதில் பங்கு உண்டு.

பங்கீடு நடக்கும் விதம் இது: ஒரு மாவட்ட ஷெரீஃபின் ஆட்கள் சாலையில் பணத்தைப் பிடிப்பார்கள். அதை மத்திய முகமை ஒன்று தன் வழக்காகச் ‘சுவீகாரம்’ எடுக்கும். பறிமுதல் முடிந்ததும் 80 சதவீதம் வரை உள்ளூர்க் காவல் துறைக்குத் திரும்பி வரும். பறிமுதல் பணத்தைப் பள்ளிக்கூடத்துக்கோ பொதுநிதிக்கோ தர வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொன்னாலும் கவலையில்லை. மத்திய வழி போனால் மாநிலச் சட்டத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம்.

நீதித் துறை நிதியின் வரவு 1986-இல் 9.37 கோடி டாலர். 2014-இல் அது சுமார் 450 கோடி டாலர். பெரிய நிதி மோசடி வழக்குகளில் மீட்ட தொகையும் இதில் சேர்ந்திருப்பதால், எல்லாமே சாலையில் பிடுங்கியது என்று எண்ணிவிடக் கூடாது. ஆனாலும் வளர்ச்சியின் வேகம் சொல்லும் சேதி உண்டு. மாநிலங்களும் மத்திய அரசும் சேர்ந்து 2000-க்குப் பிறகு குறைந்தது 6,880 கோடி டாலர் பறித்திருப்பதாக, பறிமுதலை எதிர்த்து வழக்காடும் ‘இன்ஸ்டிட்யூட் ஃபார் ஜஸ்டிஸ்’ அமைப்பு 2020-இல் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது.

சந்தேகம் எப்படிப் பிறக்கிறது

1,24,700 டாலர் வழக்குக்குத் திரும்புவோம். 2003 மே மாதம், நெப்ராஸ்காவில் அதே 80-ஆம் எண் நெடுஞ்சாலை. வேகமாக ஓட்டியதற்காக ஒரு வாடகைக் கார் நிறுத்தப்படுகிறது. கார் வேறொருவர் பெயரில் எடுக்கப்பட்டது. பணம் ஏதும் இருக்கிறதா என்ற கேள்விக்கு ஓட்டுநர் முதலில் இல்லை என்கிறார். பின்னால் இருந்த குளிர்ப்பெட்டிக்குள் கட்டுக்கட்டாக நோட்டு. நாய் குறி காட்டுகிறது. போதைப்பொருள் ஒரு துளிகூட இல்லை.

அவர் நீதிமன்றத்தில் சொன்ன கதை இது: குளிர்பதன லாரி ஒன்று வாங்க, நண்பர்களிடமும் புரட்டிய பணத்தோடு சிகாகோவுக்கு விமானத்தில் போனார். போய்ச் சேருமுன் லாரி விற்றுப்போயிருந்தது. காரில் ஊர் திரும்பலாம் என்றால் கடன் அட்டை இல்லை. வேறொருவர் கார் எடுத்துக் கொடுத்தார். ரொக்கத்தோடு அலைவதே குற்றமோ என்று பயந்துதான் முதலில் மறைத்தார். கீழ் நீதிமன்றம் இதை நம்பியது. மேல்முறையீட்டில் இரண்டு நீதிபதிகள் நம்பவில்லை. பெரும் தொகை, மறைத்து வைத்த விதம், வழக்கத்துக்கு மாறான பயணம், முதலில் சொன்ன பொய், நாயின் குறி ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் போதை வணிகத்தோடு தொடர்பு தெரிகிறது என்றார்கள். போதைப்பொருளோ அதன் தடயமோ விற்பனைக் கணக்கோ எதுவுமே இல்லையே என்று மூன்றாவது நீதிபதி டொனால்ட் லே மாறுபட்டு எழுதினார். பணம் அரசுக்குப் போனது.

இதில் நாயின் சாட்சியம் தனியாகக் கவனிக்கத் தக்கது. நாய் பொய் சொல்வதில்லை. ஆனால் அது சொல்வதற்கு என்ன பொருள்? மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் டார்ட்மத் வளாகத்து வேதியியலாளர் யூகாங் சுவோவும் குழுவினரும் பல நகரங்களில் திரட்டிய அமெரிக்க நோட்டுகளைச் சோதித்து, ஏறத்தாழ 90 சதவீத நோட்டுகளில் கொக்கேய்ன் துகள் இருப்பதாக 2009-இல் அறிவித்தார்கள். ஒருவர் நோட்டைச் சுருட்டி மூக்கில் வைத்து உறிஞ்சுகிறார். அந்த நோட்டு வங்கிக்குப் போகிறது. எண்ணும் இயந்திரத்தில் மற்ற நோட்டுகளோடு உரசுகிறது. துகள் ஊர் முழுவதும் பரவிவிடுகிறது. பழைய துகளை விட்டுவிட்டு, அண்மையில் போதைப்பொருளோடு கிடந்த நோட்டின் வாடைக்கே நாய் குறி காட்டும் என்பது அரசுத் தரப்பின் பதில். நீதிமன்றங்கள் இரண்டு பக்கமும் சாய்ந்திருக்கின்றன. எப்படிப் பார்த்தாலும், நாய் அந்த நோட்டைப் பற்றித்தான் சொல்கிறதே தவிர, அதைக் கடைசியாகக் கையில் வைத்திருந்தவரைப் பற்றி அல்ல.

ரொக்கம் வைத்திருப்பது அமெரிக்காவில் குற்றமே அல்ல. உள்நாட்டுப் பயணத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் கொண்டு போகலாம். யாரிடமும் அறிவிக்க வேண்டியதில்லை. அப்படியிருந்தும் 2019 ஆகஸ்டில் பிட்ஸ்பர்க் விமான நிலையத்தில், 79 வயதுத் தந்தையின் ஆயுள் சேமிப்பான 82,373 டாலரைக் கூட்டுக் கணக்கில் போடலாம் என்று எடுத்துப்போன மகளிடமிருந்து அது பறிக்கப்பட்டது. தந்தை ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். 1930-களின் பொருளாதாரப் பெருவீழ்ச்சியை அனுபவித்த பெற்றோரைப் போலவே வீட்டில் பணம் சேர்த்து வைத்தவர். வழக்குப் போட்ட பிறகு, 2020 மார்ச்சில் முழுத் தொகையும் திரும்பி வந்தது. வங்கியை நம்பாத முதியவர், வங்கிக் கணக்கு இல்லாத குடியேறி, பழைய கார் வாங்கப் போகிறவர் என்று ரொக்கத்தோடு நடமாடும் மக்கள் யார் என்று பார்த்தால், இந்தச் சந்தேகம் எந்தப் பக்கம் சாயும் என்பது தெரிந்துவிடும். புளோரிடாவின் வொலூசியா மாவட்டத்தில் ஷெரீஃப் படையினர் வாகன ஓட்டிகளிடமிருந்து லட்சக்கணக்கான டாலரை அநியாயமாகப் பறித்ததையும், பறிகொடுத்தவர்களில் பெரும்பாலோர் சிறுபான்மையினர் என்பதையும் வெளிக்கொண்டு வந்ததற்காக ‘ஆர்லாண்டோ சென்டினல்’ நாளிதழ் 1993-இல் புலிட்சர் பரிசு பெற்றது.

கதவைத் தட்டாதவர்கள்

மத்திய முகமை பணத்தை எடுத்ததும் உரிமையாளருக்கு அஞ்சலில் ஒரு அறிவிப்பு வரும். அதில் இரண்டு வழிகள் இருக்கும். ஒன்று, ‘இது என் பணம்’ என்று உறுதிமொழியோடு உரிமை கோருவது. அப்படிக் கோரினால் 90 நாளுக்குள் அரசு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், இல்லையேல் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். மற்றொன்று, தணிவு கோரும் மனு. பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றும் வழி இதுதான். ஆனால் அந்த மனுவை எழுதியவர், பறிமுதல் செல்லும் என்று ஒப்புக்கொண்டு, கருணை காட்டித் திருப்பித் தாருங்கள் என்று கேட்டவர் ஆகிறார். அதைப் பரிசீலிப்பதும் நீதிபதி அல்ல, அரசுத் தரப்பே. சட்டம் தெரியாதவர் கை எந்தப் படிவத்தை நோக்கிப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

உரிமை கோர, அறிவிப்பு அனுப்பிய நாளிலிருந்து சுமார் 35 நாள் அவகாசம். தவறினால் பணம் தானாகவே அரசுடையதாகும். இதற்கு ‘நிர்வாகப் பறிமுதல்’ என்று பெயர். ரொக்கத்தைப் பொறுத்தவரை தொகைக்கு உச்சவரம்பு கிடையாது. எந்த நீதிபதியும் எந்தக் காகிதத்தையும் பார்க்காமலே விவகாரம் முடிந்துவிடும்.

இனி கணக்கைப் பார்ப்போம். மேலே சொன்ன 2020 ஆய்வில், விவரம் கிடைத்த 21 மாநிலங்களில் பறிமுதல் தொகைகளின் நடுமதிப்பு 1,276 டாலர். அதாவது பறிமுதல்களில் பாதி இதற்கும் கீழே. மிக எளிய வழக்குக்கும் வழக்கறிஞர் செலவு குறைந்தது 3,000 டாலர் ஆகும் என்பது அதே ஆய்வின் மதிப்பீடு. 1,276 டாலரை மீட்க 3,000 டாலர் செலவழிக்க யார் முன்வருவார்கள்? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். மனிதர் கணக்குப் போட்டுப் பார்த்து விட்டுவிடுகிறார். அவர் மௌனத்தை அரசு சம்மதமாக எடுத்துக்கொள்கிறது.

இந்த மௌனம் எவ்வளவு பெரியது என்பதை ‘வாஷிங்டன் போஸ்ட்’ 2014-இல் அளந்தது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிந்தைய காலத்தில் பங்கீட்டுத் திட்டத்தின் வழியே, சோதனை ஆணையோ குற்றப்பத்திரிகையோ இல்லாமல் நடந்த ரொக்கப் பறிமுதல்கள் 61,998. தொகை 250 கோடி டாலருக்கும் மேல். அதில் 170 கோடிக்கு மேல் மாநில, உள்ளூர்க் காவல் துறைகளுக்குச் சேர்ந்தது. பாதிப் பறிமுதல்கள் 8,800 டாலருக்குக் கீழே. எதிர்த்துக் கேட்டவர்கள் ஆறில் ஒரு பங்குதான். அப்படிக் கேட்ட வழக்குகளில் 41 சதவீதத்தில் அரசு பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. காவல் துறைமீது வழக்குப் போட மாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டே பல நேரங்களில் தந்தது.

டெனஹாவில் ஒரு பாப்கார்ன் இயந்திரம்

அறிவிப்பு, அவகாசம் என்ற சடங்குகூட இல்லாமல் சாலையிலேயே காரியம் முடிந்த ஊர் டெனஹா. கிழக்கு டெக்சஸில், லூசியானா எல்லையோரம், 59-ஆம் எண் நெடுஞ்சாலையில் இருக்கும் சிற்றூர். 2007-இல் பழைய கார் வாங்க ஆறாயிரம் டாலர் சொச்சத்தோடு, தன் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ஒரு ஜோடி அந்த வழியே போனது. போலீஸ் நிறுத்தியது. வண்டியில் போதைப்பொருள் கிடைக்கவில்லை. மாவட்ட அரசு வழக்கறிஞர் அவர்கள் முன்னால் இரண்டு வழிகளை வைத்தார். பணத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். இல்லையென்றால் சட்டவிரோதப் பணப் பரிமாற்ற வழக்கு, குழந்தைகளை ஆபத்துக்கு உள்ளாக்கிய வழக்கு. அப்போது பிள்ளைகள் அரசுப் பராமரிப்புக்குப் போவார்கள். கையெழுத்துப் போட்டார்கள்.

இப்படிக் கையெழுத்துப் போட்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்கரும். அவர்கள் சேர்ந்து தொடுத்த வழக்கு 2012-இல் சமரசத்தில் முடிந்தது. வாகனச் சோதனைகளை இனி ஒளிப்பதிவு செய்வது போன்ற கட்டுப்பாடுகளைக் காவல் துறை ஏற்றது. பறிமுதல் நிதி எதற்குச் செலவானது என்ற விவரமும் வெளிவந்தது. அதில் 524 டாலருக்கு ஒரு பாப்கார்ன் இயந்திரம் இருந்தது. நெடுஞ்சாலையில் பணத்தைப் பிடித்த காவலருக்கு 10,000 டாலர் காசோலையும் இருந்தது. தொகை சிறிதா பெரிதா என்பதல்ல விஷயம். பணத்தைப் பிடிப்பவரும் வழக்கை நடத்துபவரும் செலவழிப்பவரும் ஒரே வட்டத்துக்குள் இருந்தார்கள் என்பதை இந்த இரண்டு பதிவுகளும் காட்டிவிடுகின்றன.

அரசுத் தரப்பு என்ன சொல்கிறது

எதிர்த்தரப்பு வாதத்தைத் தள்ளிவிட முடியாது. போதை வணிகம் ரொக்கத்தில் நடக்கிறது. சரக்கு வடக்கே போகிறது, பணம் தெற்கே வருகிறது. சரக்கும் பணமும் ஒரே வண்டியில் பயணிப்பதில்லை. ஆகவே பணம் மட்டும் பிடிபடுவது இயல்பு. பணத்தைக் கடத்துபவர் பிடிபட்டதும் ‘இது என்னுடையதல்ல’ என்று கைகழுவுவது வழக்கம். ஆகவே உரிமை கோர ஆள் வராதது குற்றத்தின் அடையாளமாகவே இருக்கலாம். தவிர, பெர்னார்ட் மேடாஃப் போன்ற மோசடிக்காரர்களின் வழக்குகளில் பறித்த பெருந்தொகைகள் ஏமாந்தவர்களுக்குத் திரும்பப் போயிருக்கின்றன.

இவை உண்மைதான். எதிர்க்காதவர்களில் எத்தனை பேர் கடத்தல்காரர்கள், எத்தனை பேர் கட்டுப்படியாகாமல் விட்டவர்கள் என்பதை வெளியிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் உள்ளேயிருந்தே ஒருவர் பார்த்தார். நீதித் துறையின் சொந்தத் தணிக்கை அமைப்பான தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2017-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2007 முதல் பத்தாண்டுகளில் போதைப்பொருள் தடுப்பு முகமை எடுத்த ரொக்கம் 415 கோடி டாலர். அதில் 320 கோடி நிர்வாக வழியில், சிவில் வழக்கோ குற்ற வழக்கோ இல்லாமல் பறிபோனது. தேர்ந்தெடுத்த 100 பறிமுதல்களின் கோப்புகளை அலுவலகம் சோதித்தது. அவை ஏதேனும் குற்ற விசாரணைக்கு உதவின அல்லது அதோடு தொடர்புடையவை என்று முகமையால் காட்ட முடிந்தது 44-இல் மட்டுமே. மீதி 56-இல் இருந்தவர்கள் எல்லோரும் அப்பாவிகள் என்று இதற்குப் பொருளில்லை. கடத்தல் கும்பலை உடைப்பதற்காக எடுக்கிறோம் என்ற காரணம் பாதிக்கும் மேற்பட்ட கோப்புகளில் காகிதத்தில் நிற்கவில்லை என்பதுதான் பொருள். கும்பலின் பணம் என்றால் அந்தக் கும்பலைத் தேடிப்போயிருக்க வேண்டுமே?

பிரையன் கெல்லி என்ற பொருளியலாளர் 2019-இல் செய்த ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. இதையும் வெளியிட்டது பறிமுதலை எதிர்க்கும் அதே அமைப்புதான் என்பதை மனத்தில் வைத்தே படிக்க வேண்டும். பங்கீட்டுப் பணம் கூடியதால் காவல் துறை துப்புத் துலக்கிய குற்றங்கள் கூடவில்லை. ஆனால் ஊரில் வேலையின்மை கூடி உள்ளூர் வருவாய் இறுகும்போது பறிமுதல் கூடுகிறது.

அடைத்த ஓட்டைகளும் அடைக்காத ஓட்டையும்

திருத்தங்கள் இல்லாமல் இல்லை. இல்லினாய்ஸைச் சேர்ந்த குடியரசுக் கட்சி உறுப்பினர் ஹென்றி ஹைடு முன்னின்று கொண்டுவந்த 2000-ஆம் ஆண்டுச் சட்டம், நிரூபிக்கும் பொறுப்பை உரிமையாளரிடமிருந்து அரசின் தலைக்கு மாற்றியது. குற்ற வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. தராசுத் தட்டு அரசின் பக்கம் சற்றே சாய்ந்தால் போதும். அறியாத உரிமையாளருக்குத் தற்காப்பு, வென்றால் வழக்கறிஞர் செலவு ஆகியவற்றையும் அந்தச் சட்டம் தந்தது. எல்லாம் நீதிமன்றப் படியேறியவருக்கு. படியேறாத பெரும்பான்மையை அது தொடவில்லை. காவல் துறையின் பங்கையும் தொடவில்லை. 17 ஆண்டுகள் கழித்து வந்த தணிக்கை அறிக்கை அதன் விளைவைக் காட்டியது.

மாநிலங்களில் நியூ மெக்சிகோ இன்னும் ஆழமாக வெட்டியது. அரசு வழக்கறிஞராக இருந்து ஆளுநரான சூசானா மார்ட்டினெஸ் 2015-இல் கையெழுத்திட்ட சட்டம் சிவில் பறிமுதலையே ஒழித்தது. குற்றம் உறுதியானால்தான் பறிமுதல். பணம் மாநிலப் பொதுநிதிக்கு. 50,000 டாலருக்கு மேல் இருந்தால்தான் மத்திய வழியில் சுற்றிப் போகலாம் என்ற தடையும் வைத்தது. நெப்ராஸ்கா 2016-இலும் மெய்ன் 2021-இலும் பின்தொடர்ந்தன. மத்திய அரசிலோ கதவு திறந்து மூடுகிறது. 2015 ஜனவரியில் அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர் ‘சுவீகார’ முறையைப் பெருமளவு நிறுத்தினார். 2017 ஜூலையில் அதே பதவியில் இருந்த ஜெஃப் செஷன்ஸ் அதை மீட்டுக்கொண்டு வந்தார். பங்கீட்டையே ஒழிக்கும் மசோதா 2023-இல் கீழவையின் நீதிக் குழுவில் 26-க்குப் பூஜ்யம் என்று இரு கட்சி ஆதரவோடு நிறைவேறியது. சட்டமாகவில்லை.

உச்ச நீதிமன்றமும் தயங்கித் தயங்கியே நகர்கிறது. 2019-இல் இண்டியானாவின் டிம்ப்ஸ் வழக்கில், மிகையான அபராதம் கூடாது என்ற அரசமைப்புப் பாதுகாப்பு மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்று ரூத் பேடர் கின்ஸ்பர்க் எழுதிய தீர்ப்பை ஒன்பது பேரும் ஏற்றார்கள். உச்சபட்ச அபராதமே 10,000 டாலராக இருந்த குற்றத்துக்கு, தந்தையின் காப்பீட்டுப் பணத்தில் வாங்கிய 42,000 டாலர் கார் போயிருந்தது. 2013-இல் பறித்த காருக்கான வழக்கு முடிய 2021 ஆனது. 2024 மே மாதம் அலபாமாவிலிருந்து வந்த வழக்கில் நீதிமன்றம் பின்வாங்கியது. பறித்த காரை வழக்கு முடியும்வரை வைத்திருக்கலாமா என்று தீர்மானிக்க முன்கூட்டியே தனி விசாரணை தேவையில்லை என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பானது.

அதே ஆண்டு நவம்பரில் தலைமை ஆய்வாளர் மறுபடியும் ஒரு குறிப்பை வெளியிட்டார். போதைப்பொருள் தடுப்பு முகமை ஒரு விமான நிறுவன ஊழியருக்குப் பல ஆண்டுகளாகப் பணம் கொடுத்து வந்திருக்கிறது. கடைசி நேரத்தில் பயணச்சீட்டு வாங்குபவர்களின் விவரத்தை அவர் தர வேண்டும். பறிபோகும் ரொக்கத்தில் அவருக்குச் சதவீதம் உண்டு. அப்படி அவர் பெற்றது பல்லாயிரம் டாலர். விமான, பேருந்து நிலையங்களில் பயணிகளைச் ‘சம்மதத்தோடு’ சோதிக்கும் வேலையை நிறுத்தி வைக்குமாறு நீதித் துறை உத்தரவிட்டது. நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது என்று சட்டம் சொல்லி 24 ஆண்டுகள் கழித்தும் கமிஷன் ஏற்பாடு உயிரோடு இருந்தது. சான்றின் அளவுகோலை எவ்வளவு உயர்த்தினாலும், எடுத்தவர் வைத்துக்கொள்ளலாம் என்ற விதியும், உரிமையாளர் வாய் திறக்காவிட்டால் அரசு வெல்லும் என்ற விதியும் இருக்கும்வரை நிலைமை பெரிதாக மாறாது. நியூ மெக்சிகோ கைவைத்தது அந்த இரண்டில்தான்.

ரீனோ நெடுஞ்சாலையில் பறிகொடுத்த முன்னாள் படைவீரருக்குப் பல மாதம் எந்த முடிவும் வரவில்லை. அரசு வழக்குப் போட வேண்டிய சட்டப்படியான கெடுவும் கடந்து போனது. கட்டணம் வாங்காத வழக்கறிஞர்களின் உதவியோடு 2021 ஆகஸ்ட் இறுதியில் அவர் நீதிமன்றம் போனார். மறுநாளே பணத்தைத் திருப்பித் தருவதாக அரசு ஒப்புக்கொண்டது. இடைப்பட்ட ஆறு மாதத்தில் அந்த 86,900 டாலரைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரிந்துவிடவில்லை. வங்கி ரசீதுகள் முதல் நாளே பையில் இருந்தன. புதிதாக வந்தது ஒரு வழக்கு எண் மட்டும். 1,276 டாலரைப் பறிகொடுப்பவருக்கு அந்த எண்ணை வாங்கவே பறிபோனதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும்.